மூன்றாவது பதில்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடை, இருந்தது. அங்கே எங்களோடு வேலை பார்த்த ஓர் அம்மாள் ஒரு தேநீர் வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் பசியே அடங்கிவிடும். பால் வேண்டாம், சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "சீனி போடலதானே அண்ணே?" என்பார். போடவில்லை என்பார் கடைக்காரர். கிளாஸ் மேசைக்கு வந்ததும் அதே கேள்வி. வாயருகே கொண்டுபோய் ஆவியை முகர்ந்துவிட்டு மறுபடியும், "நெசமாவே போடலதானே?"

"மிஸ், மூணு தடவ சொல்லிட்டேன். நம்பிக்கை இல்லைன்னா பள்ளிவாசலுக்கு வாங்க, சத்தியம் பண்றேன் லா."

அவர் சிரிக்க மாட்டார். குடிப்பார். ஒருநாள் கடைக்காரர் கூட்டத்தில் கிளாஸை மாற்றி வைத்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர் தன் தேநீரில் சீனியே இல்லை என்று சத்தம் போட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் அந்த அம்மாள் முக்கால் கிளாஸ் குடித்திருந்தார். இனிக்கவில்லையா என்று நான் கேட்டேன். "இனிச்சுது சார். மூணு தடவ சொல்லிட்டாரே, என் நாக்குதான் சரியில்லைன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு அப்போது வந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. இப்படியும் ஒரு மனுஷியா என்று இருந்தது. அதே குணத்தை நம்பித்தான் பிற்பாடு நான் தப்பித்தேன்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டோம். கிள்ளானில் ஒரு பள்ளியில் பல வருடம் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். நாற்பது வயதுக்குப் பக்கத்தில் மறுபடியும் படிக்கப் போய், டெங்கிக் காய்ச்சல் எப்போது எங்கே கிளம்பும் என்பதைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லலாம் என்று மேலிடத்தில் யாரையோ நம்பவைத்து, எண்பதுகளின் பிற்பகுதியில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் எங்கள் சுகாதார அலுவலகத்துக்கு வந்தார். வந்து இறங்கியது என் தலையில். நான் அங்கே புள்ளிவிவரப் பிரிவின் தலைவன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து இரயில்வேக்கு எழுத்தராக வந்தவர். நான் ஆங்கிலப் பள்ளியில் படித்து, பட்டம் வாங்கி, அரசாங்க உத்தியோகத்தில் ஏறியவன். ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டால் அது சரியாக இருக்கும் என்று எல்லோரும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. அதனால் என் பிரிவில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் அனுப்பும் டெங்கிப் படிவங்கள் எதுவும் நான் பார்த்துக் கையெழுத்திடாமல் பதிவேட்டில் ஏறக்கூடாது. படிவங்கள் என் மேசைத் தட்டில் வந்து விழும். நான் நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாகப் பார்த்து, கையெழுத்திட்டு, தேதி போடுவேன். அந்தத் தேதியைத்தான் என் எழுத்தர் மணியம் பதிவேட்டில் எழுதுவான். காய்ச்சல் தொடங்கிய நாளுக்குப் படிவத்தில் தனியாக ஒரு கட்டம் உண்டு. டாக்டர்கள் பெரும்பாலும் அதை நிரப்பித்தான் அனுப்பினார்கள். ஆனால் பதிவேட்டை வடிவமைத்தவன் நான். அதில் தேதிக்கு ஒரே ஒரு கட்டம்தான் வைத்திருந்தேன். பல வருடம் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

இன்னொன்று. வருடம் முடிவதற்குள் விடுப்பைத் தீர்க்காவிட்டால் அது போய்விடும். எனவே ஒவ்வொரு டிசம்பரிலும் நான் மூன்று நான்கு வாரம் அலுவலகத்தில் இருக்க மாட்டேன். தட்டு நிரம்பியிருக்கும். ஜனவரியில் வந்து எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கையெழுத்திடுவேன்.

மிஸ் வந்த முதல் வாரமே என் அறைச் சுவரில், அலமாரிக்குப் பின்னால், ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டார். எதற்கு என்று கேட்டேன். விமான நிலையத்தில் எடுக்கும் வெப்பநிலை விமானத்துக்குத்தான் உதவும், கொசு இருப்பது அலமாரிக்குப் பின்னால் என்றார். இதே போலப் பிரிக்ஃபீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் ஒரு பத்து வீட்டிலும் கிள்ளானில் ஒரு பத்து வீட்டிலும் வெப்பமானி மாட்டினார். மேலதிகாரி சொன்னதற்காக நானும் அவரோடு வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. வெயிலில் கழுத்துப்பட்டியோடு அலைந்தேன்.

எங்கள் தமிழ் ஆட்கள் வீடுகளில் சாப்பாட்டு அலமாரியின் கால்களுக்கு அடியில் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள், எறும்பு ஏறாமலிருக்க. அந்தத் தண்ணீரில்தான் கொசு முட்டையிடும். ஒரு வீட்டில் அந்தக் கிண்ணத்தைக் காட்டி, தண்ணீர் எப்போது மாற்றியது என்று மிஸ் கேட்டார். நேற்றுத்தான் என்றார் வீட்டுக்காரப் பெண். மிஸ் வெப்பமானியைப் பார்த்தார், குழந்தையிடம் பேர் கேட்டார், பிறகு மறுபடியும் அதையே கேட்டார். போன வாரம் இருக்கும் என்றார் அந்தப் பெண். வாசலில் செருப்பை மாட்டும்போது மூன்றாவது தடவை. "தீபாவளிக்குத் தொடச்சது மிஸ்" என்று தலையைக் குனிந்துகொண்டார். தீபாவளி முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

படியிறங்கும்போது நான் எரிந்து விழுந்தேன். ஒரு கிண்ணத்துக்கு இருபது நிமிடமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"மொத தடவ மரியாதைக்குச் சொல்வாங்க சார். ரெண்டாவது தடவ கொஞ்சம் யோசிச்சுச் சொல்வாங்க. மூணாவது தடவைதான் நெசம் வரும். யாரும் பொய் சொல்லணும்னு சொல்றதில்ல. அவங்களுக்கு வழி விடணும், அவ்வளவுதான்."

கையில் எப்போதும் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கும். முதல் பதிலைப் பென்சிலால் எழுதுவார். இரண்டாவதையும் பென்சிலால்தான். மூன்றாவது பதிலை மைப்பேனாவால் எழுதுவார். மையில் எழுதியதை அவர் அழித்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அந்த விஷயத்தை யாரிடமும் கேட்கவும் மாட்டார். மின்தூக்கிக்குள் நுழையும்போது, "மேலதானே போகுது?" என்று மூன்று பேரிடம் கேட்பார். மூவரும் ஆமாம் என்றால் அது கீழே போனாலும் பேசாமல் நிற்பார். மணியம் அவரைப் போலவே நடித்துக் காட்டுவான். நான் சிரிப்பேன்.

கிள்ளானில் அவர் தன் அண்ணியோடு இருந்தார். அண்ணன் இறந்துபோய்ப் பல வருடம். ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்து துறைமுகத்துச் சாலைப் பக்கம் ஒரு வரிசை வீட்டில் குடியேறியவர்கள். பக்கத்தில் ஒரு லோரிப் பட்டறை. வெப்பமானி பார்க்கப் போகும் நாளில் அண்ணி எனக்குத் தோசை சுட்டுப் போடாமல் விடமாட்டார். மிஸ்ஸின் கேள்விகளுக்குப் பயப்படாத ஒரே ஆள் அந்த அண்ணிதான். "உப்பு போட்டீங்களா அண்ணி?" என்று இவர் இரண்டாவது தடவை ஆரம்பித்தாலே, "போடல. கடல்ல முக்கி எடுத்தேன். பேசாம தின்னு" என்பார்.

அந்தச் சமையலறையில்தான் மிஸ் தன் கணக்கை எனக்கு விளங்கவைத்தார். அதுவரை அவர் எழுதிய சமன்பாடுகளை நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி மாவுப் பாத்திரத்தை மூடித் துணி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, மழை நாள்ல மாவு பொங்க எவ்வளவு நேரமாகும்?"

"விடிய விடிய ஆகும்."

"வெயில் நாள்ல?"

"மதியம் ஆட்டினா ராத்திரிக்கே வழியும். இதுக்கா யுனிவர்சிட்டிக்குப் போன?"

மிஸ் என் பக்கம் திரும்பினார். கொசு ஒரு நோயாளியைக் கடித்தவுடன் அடுத்த ஆளுக்கு நோயைக் கொடுத்துவிட முடியாது. கிருமி கொசுவின் உடம்புக்குள் சில நாள் இருந்து பக்குவமாக வேண்டும். சூடு கூடினால் அந்த நாட்கள் குறையும், மாவு பொங்குவதைப் போல. எல்லோரும் டெங்கியை மழையோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். அவர் சூட்டைப் பார்க்கச் சொன்னார். பழைய வானிலைக் குறிப்புகளைப் புரட்டியதில், இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் காடு வெட்டிக் கட்டடம் எழும்ப எழும்ப இரவுகளின் சூடு ஏறிக்கொண்டே வருகிறது. "பகல் சூட்ட எல்லாரும் சொல்லிக்கிட்டு இருக்காங்க சார். ராத்திரி சூட்ட யாரும் கவனிக்கல." அப்படியானால் மழைக்கும் காய்ச்சலுக்கும் இடையில் இருக்கும் வாரங்கள் சூடான வருடங்களில் சுருங்க வேண்டும். அந்த இடைவெளி தெரிந்தால் எந்த வரிசை வீடுகளுக்கு எந்த வாரம் ஆள் அனுப்பித் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று முன்பே பட்டியல் போடலாம். காய்ச்சல் வந்த வீட்டுக்கு மருந்தடிக்க ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். வருமுன் போவதற்குத்தான் பட்டியல் இல்லை.

எனக்கு அது விளங்கியது. விளங்கியதும் பிடிக்கவும் செய்தது. அதைச் சொல்லாமல், தோசை ஆறிவிட்டது என்று குறைபட்டுக்கொண்டேன்.

அலுவலகத்தில் அப்போது ஒரே ஒரு கணினி, குளிர்சாதன அறையில் துணி போர்த்தி வைத்திருந்தோம். மிஸ் எங்கள் பதிவேட்டின் ஏழு வருடக் கேஸ்களை ஒவ்வொன்றாக அதில் ஏற்றினார். மூன்று மாதம் பிடித்தது. பிறகு ஒருநாள் காலை வரைபடத் தாள்களை என் மேசையில் விரித்தார்.

"சார், ஒவ்வொரு வருஷமும் டிசம்பர்ல கேஸ் படுத்துடுது. ஜனவரியில திடீர்னு எழும்புது. மழையோடும் சேரல, சூட்டோடும் சேரல. கொசுவுக்கு என்ன, ஸ்கூல் லீவா?"

படிவக் கட்டோடு நின்றிருந்த மணியம் சிரித்துவிட்டான். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. விடுப்பில் போனது கொசு அல்ல, நான். ஏழு வருடமாக அந்தத் தாளில் மேடும் பள்ளமுமாக இருந்தது என் விடுமுறை.

அவர் நோட்டைத் திறந்தார்.

"பதிவேட்டுல இருக்கிறது காய்ச்சல் தொடங்கின தேதிதானே சார்?"

ஆமாம் என்றேன். பென்சிலால் எழுதிக்கொண்டார்.

"டாக்டர் ஃபாரத்துல எழுதினததான் மணியம் இதுல எழுதுறாரு?"

"வேற எதை எழுதுவான்?"

மறுபடி பென்சில். பிறகு மைப்பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, எழுதாமல் என்னைப் பார்த்தார்.

"பொறுமையா யோசிச்சுச் சொல்லுங்க சார். தப்பா இருந்தா பரவால்ல. ஃபாரமெல்லாம் ஸ்டோர்லதானே இருக்கு, நானும் மணியமும் உக்காந்து மாத்திடறோம். யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. இது நெசமாவே காய்ச்சல் தேதிதானே?"

இரயில்வே குடியிருப்புப் பெண்ணுக்கு விட்ட அதே வழியை எனக்கும் விட்டார். அந்தப் பெண் அதில் நடந்து வெளியே வந்தாள். எனக்கு ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. ஒரு பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. படிவங்கள் என் தட்டில் வாரக்கணக்கில் கிடந்தன என்று தெரிந்தால் அது போய்விடும் என்று பயந்தேன். இவை மட்டும் காரணமாக இருந்தால் இன்று கொஞ்சம் தூங்குவேன். தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து தமிழ்ப் பள்ளியில் படித்த ஒரு பெண்பிள்ளை என் பதிவேட்டை விரல் வைத்துக் கேட்பதா என்றும் எனக்குள் ஒன்று இருந்தது. அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட தோசையெல்லாம் அதை மாற்றவில்லை.

"ஓம், ஓம், ஓம்" என்றேன். கோபத்தில் 'ஆமாம்' போய் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. "ஒரு மனுஷன் எத்தனை தடவை சொல்றது?"

"மூணு தடவ சார்" என்றார். மையில் எழுதினார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. தேதி சரியென்றால் தவறு தன் கருத்தில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். சூடான வருடங்களில் இடைவெளி சுருங்கவில்லை என்று என் தேதிகள் காட்டின. எப்படிச் சுருங்கும்? நான் கையெழுத்திடும் வேகத்துக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு மாதம் மாவுக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். மெலிந்துபோனார். கடைசியில் அந்தப் பகுதியை அடித்துவிட்டு, மழைக்குப் பிறகு நீண்ட இடைவெளி, ஜனவரியில் உச்சம் என்று புதிதாக எழுதினார். "அண்ணி மாவு எல்லாத்துக்கும் சரியா வரும், இதுக்கு வராது போல" என்றார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. ஸ்டோர் அறையின் சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தால் போதும். ஏன் இந்த மனுஷி எட்டிப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று நினைத்தேன். என் பொய்யை அவர் கண்டுபிடிக்காதது அவருடைய குற்றம் போல எனக்குப் பட்டது.

புதிய கணக்கின்படி பட்டியல் தயாரானது. அந்த வருடம் ஆட்கள் குறைவு. கிள்ளானில் பாதி இடங்களுக்கு ஜனவரியில்தான் ஆள் போகும். மிஸ் வீட்டு வரிசைக்கும், பக்கத்துப் பட்டறையில் குவிந்து கிடந்த பழைய டயர்களுக்கும் ஜனவரி மூன்றாவது வாரம். நான் பட்டியலில் கையெழுத்திட்டேன். டிசம்பர் முதல் வாரம் விடுப்பில் போனேன்.

விடுப்பு முடிந்து ஜனவரியில் வந்தபோது தட்டில் படிவங்கள் நிற்காமல் சரிந்து கிடந்தன. அதற்கு முன் அத்தனை வந்ததில்லை. மிஸ்ஸின் நாற்காலி காலியாக இருந்தது. அவருடைய அண்ணி கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் காய்ச்சலில் விழுந்து நான்கு நாளில் போய்விட்டார் என்று மணியம் சொன்னான். அந்த வரிசையிலேயே இன்னும் ஆறேழு பேர் மருத்துவமனையில் இருந்தார்கள்.

நான் கையெழுத்திட ஆரம்பித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. மணியம் ஒவ்வொன்றாக எடுத்து எழுதிக்கொண்டே வந்தவன் ஒரு படிவத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

"சார், இது மிஸ்ஸோட அண்ணி."

"எழுது."

"எந்தத் தேதி சார் போட?"

அவன் கேட்டது எனக்கு நன்றாக விளங்கியது. அவன் கையிலிருந்த தாளில் காய்ச்சல் தொடங்கிய தேதியை டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே, மை காயாமல், என்னுடையது.

"கையெழுத்துல என்ன இருக்கோ அது" என்றேன்.

எங்கள் பதிவேட்டின்படி அந்த அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது அவரை எரித்துப் பதினோரு நாள் கழித்து.

பிப்ரவரியில் ஒரு கூட்டம் நடந்தது. இயக்குநர் கடுமையாகப் பேசினார். ஜனவரி என்று எழுதிக்கொடுத்தீர்கள், டிசம்பரில் வந்து அடித்துவிட்டது, பள்ளிக்கூடக் கணக்கை நம்பி ஆட்களை மாற்றிப் போட்டோம் என்றார். பதிவேட்டுத் தகவல்களில் பிழை இருக்க முடியுமா என்று யாரோ ஒருவர் கேட்டார். மிஸ் எழுந்து நின்றார். வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். தகவல்கள் சரி, பிரிவுத் தலைவரிடம் மூன்று தடவை கேட்டு உறுதி செய்திருக்கிறேன், தவறு என் சமன்பாட்டில்தான் என்றார். நீல நோட்டைத் திறந்து மையில் எழுதியிருந்த வரியையும் காட்டினார். இயக்குநர் என் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். அது நான்காவது தடவை.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது மிஸ் பின்னால் வந்தார்.

"சார், உங்க பேர இதுல இழுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

நான் இன்னொரு படி இறங்கினேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க வரிசைக்கு ஜனவரின்னு நான்தான் சார் போட்டேன். அண்ணிகூடக் கேட்டாங்க, இந்த டயர எப்ப எடுப்பாங்கன்னு. மொறை வரட்டும்னு சொன்னேன். மூணு தடவ கேட்டாங்க. மூணு தடவையும் அதையேதான் சொன்னேன்."

ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. வெப்பமானிகளை அவரே வீடு வீடாகப் போய்க் கழற்றிக் கொண்டுவந்து, எண்ணி ஒப்படைத்துவிட்டுப் போனார். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

ஓய்வு பெற்றபின் சுபாங் ஜெயாவில் வீடு வாங்கிக்கொண்டு போனோம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் மணி அடித்தது. மிஸ். தலை முழுவதும் நரைத்திருந்தது. என் மனைவி அவரை ஓரிருமுறைதான் பார்த்திருக்கிறாள். ஆனாலும் அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்கோ பிள்ளை, இருங்கோ. தேத்தண்ணி கொண்டு வாறன்" என்று உள்ளே போனாள். சீனி வேண்டாம் என்று மிஸ் ஒரு தடவை சொன்னார். தேநீர் வந்ததும் எதுவும் கேட்காமல் குடித்தார். எனக்கு அதிலேயே ஏதோ மாறியிருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

பகுதி நேரமாக ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். சூடு ஏறினால் கொசுவுக்குள் நாள் குறையும் என்று இப்போது எல்லா நாட்டிலும் எழுதுகிறார்கள் என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எங்கள் பிரிவின் பழைய பதிவேடுகளை ஆராய்ச்சிக்கென்று அங்கே கொடுத்திருக்கிறார்களாம். கைப்பையிலிருந்து ஒரு நகல் தாளை எடுத்து விரித்துத் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார். அவர் போன பிறகு முடிக்கப்பட்ட பதிவேட்டின் ஒரு பக்கம். மணியம் எழுதியது. நடுவில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். பதிவேட்டில் பெயர் இருக்காது. பெண், ஐம்பத்தொன்று, கிள்ளான், அந்த வரிசையின் பெயர், ஜனவரித் தேதி.

"இது காய்ச்சல் தொடங்கின தேதிதானே சார்?"

உள்ளே மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பதிவேட்டில் அப்படித்தானே போட்டிருக்கிறது என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நோட்டை எடுக்கவில்லை. நான் காத்திருந்தேன். இரண்டாவது தடவை கேட்பார், அப்போது கொஞ்சம் சொல்லலாம். மூன்றாவது தடவை கேட்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு எழுந்தார்.

கேட் அருகில் எங்கள் பூந்தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்திருந்தோம். முந்தின இரவு மழை. அவர் குனிந்து ஒரு தொட்டியை நகர்த்தி, தட்டை எடுத்துத் தண்ணீரைப் புல்லில் கொட்டினார். அடுத்ததையும் கொட்டினார். ஆறு தட்டு இருந்தது. ஆறையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடும் தூரத்தில் வெகுநேரம் நடந்துகொண்டிருந்தார்.

அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இருக்கிறாரா என்றும் தெரியாது. என் மனைவி போய்விட்டாள், மணியமும் போய்விட்டான். அந்தத் தேதியைப் பற்றி இனி என்னிடம் கேட்க ஆளில்லை. மறுபடி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அதை நான் நம்பவில்லை. ஆகவே கேட்காமலே சொல்கிறேன்.

இல்லை மிஸ். அது காய்ச்சல் தேதி இல்லை. அது நான் கையெழுத்துப் போட்ட தேதி. உங்கள் மாவுக் கணக்கு சரி.